ரொபோத்தா: ஒரு சொல்லின் சரித்திரம்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வாராந்தர வகுப்பில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



சென்ற வாரம் வகுப்பு முடிந்து நாம் கிளம்பும் சமயத்தில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை செய்யும் தோழர் ஒருவர் வழி மறித்தார். "எங்கள் மில்லுக்குப் புது மெஷின் வரப் போகிறதாம். அதை ரோபோ என்கிறார்கள். மெஷின் என்றால் மெஷின் என்று சொல்லிவிட்டுப் போகட்டுமே, ரோபோ என்று ஏன் பெயர்? அது எந்த ஊர்ப் பேச்சு? இங்கிலீஷா?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இங்கிலீஷ்தான் என்று சொல்லிவிட்டு ஓடினோம். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு சொன்னது தப்பு என்று உறைத்தது. அந்தத் தப்பைத் திருத்துவதற்காகத்தான் இன்றையப் பேச்சு.

அந்தச் சொல் இங்கிலீஷில் பிறந்ததல்ல. இங்கிலீஷ் அதைக் கடன் வாங்கியது. கடன் கொடுத்தது செக் மொழி. செக் மொழி ஸ்லாவ் மொழிகளில் ஒன்று. தமிழும் மலையாளமும் கன்னடமும் தெலுங்கும் ஒரு குடும்பமாக இருக்கின்றன அல்லவா? அதே போல ஐரோப்பாவின் கிழக்கிலும் நடுவிலும் ருஷ்யர், உக்ரேனியர், பெலோருஷ்யர், போலந்துக்காரர், செக், ஸ்லோவாக், பல்கேரியர், செர்பியர், குரோஷியர், ஸ்லோவேனியர், மாசிடோனியர் ஆகியோர் பேசும் மொழிகள் ஒரு குடும்பம். இவர்களில் அநேகமாக எல்லோரிடமும் ஒரு சொல் புழங்குகிறது. ருஷ்யர்கள் அதை 'ரபோத்தா' என்கிறார்கள். உக்ரேனியர், போலந்துக்காரர், செக், ஸ்லோவாக் மக்கள் 'ரொபோத்தா' என்கிறார்கள். பல்கேரியர்கள் முதல் எழுத்தை அழுத்தி 'ராபொத்தா' என்பார்கள்.

நமக்கு இந்த மொழிகளில் பாண்டித்தியம் ஒன்றும் கிடையாது. மெட்ரிகுலேஷனோடு படிப்பு நின்றுபோனவர்கள் நாம். பழைய ருஷ்யப் பாடப் புத்தகம் ஒன்றை வைத்துக் கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறோம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் மொழியறிஞர்கள் தோண்டி எடுத்து வைத்திருப்பது.

அவர்கள் சொல்வது இது. ஸ்லாவ் மக்கள் பல நாடுகளாகப் பிரிவதற்கு முன்னால், எல்லோரும் ஒரே பேச்சுப் பேசிய காலத்தில், 'ஓர்ப்' என்றொரு சொல் இருந்தது. அடிமை, ஏவலாள் என்று அதற்குப் பொருள். அடிமை செய்யும் வேலைக்கு 'ஓர்பொத்தா' என்று பெயர். பிறகு நாக்கு வழக்கத்தில் எழுத்து இடம் மாறியது. மதுரையை நம் கிராமத்தில் மருதை என்கிறோமே, அந்த மாதிரி. 'ஓர்' என்பது ஒரு பக்கம் 'ரோ' ஆயிற்று, இன்னொரு பக்கம் 'ரா' ஆயிற்று. ருஷ்ய மொழியில் இன்றைக்கும் 'ராப்' என்றால் அடிமை. செர்பிய மொழியில் 'ரோப்' என்றால் அடிமை. 'ரோபியா' என்றால் சிறையில் கடுங்காவல்.

இன்னும் ஆழத்தில் தோண்டினால் ஒரு குழந்தை கிடைக்கிறது, தோழர்களே. தாய் தகப்பனை இழந்த குழந்தை. கிரேக்க மொழியில் அநாதைக் குழந்தைக்கு 'ஓர்பனோஸ்' என்று பெயர். இங்கிலீஷில் அநாதையை 'ஆர்பன்' என்பது அங்கிருந்து வந்ததுதான். லத்தீனில் உறவை இழந்தவனுக்கு 'ஓர்புஸ்'. வடமொழியில் சிறு பிள்ளைக்கு 'அர்பக' என்ற சொல் உண்டு. அதையும் இந்தக் கூட்டத்தில் பல அறிஞர்கள் சேர்க்கிறார்கள். ருஷ்ய மொழியில் குழந்தைக்கு 'ரெபியோனக்' என்று பெயர். அதுவும் இதே வேரில் கிளைத்தது. அதாவது, பெற்றோர் இல்லாத பிள்ளை எவன் வீட்டுத் திண்ணையிலோ ஒதுங்குகிறது. கஞ்சி ஊற்றியவன் சொன்ன வேலையை அது செய்கிறது. கேட்க நாதியில்லாத பிள்ளை வளர்ந்து ஏவலாள் ஆகிறான், ஏவலாள் அடிமையாகிறான், அவன் செய்வதற்கு 'ரொபோத்தா' என்று பெயர் வருகிறது. பண்ணையில் மாடு மேய்க்க விடப்பட்டுப் பண்ணையாளாகவே தலை நரைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதே வேர் ஜெர்மன் மொழியில் இரண்டு கிளை விட்டிருக்கிறது. ஒன்று 'எர்பே', செத்தவன் விட்டுப் போன சொத்து, வாரிசுப் பங்கு. இன்னொன்று 'அர்பைட்', வேலை, உழைப்பு. பழைய ஜெர்மனில் இதற்குக் கஷ்டம், துன்பம் என்றே பொருள். ஒரே சாவு, ஒரே வீடு. ஒருவன் கைக்குச் சொத்து போகிறது, இன்னொருவன் கைக்கு மண்வெட்டி வருகிறது!

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒலி ஒன்றாக இருந்தால் வேரும் ஒன்று என்று பாய்ந்துவிடக் கூடாது. செர்பிய மொழியில் 'ரோபா' என்றால் கடைச் சரக்கு. அடிமையும் சரக்கும் ஒன்று என்று மேடையில் முழங்குவதற்கு இது தோதான உதாரணம்தான். ஆனால் அது இத்தாலியப் பக்கத்திலிருந்து வந்த வேறு சொல். நல்ல முழக்கத்துக்காகப் பொய்யான வேரை நட வேண்டாம்.

சரி, இன்றைக்கு இந்தச் சொல் எங்கே என்ன பொருள் தருகிறது? ருஷ்யாவிலும் உக்ரேனிலும் பல்கேரியாவிலும் சாதாரணமாக வேலை என்றே பொருள். டாக்டர் செய்வதும் அதுதான், டிராக்டர் ஓட்டுவதும் அதுதான். போலந்தில் கொஞ்சம் வித்தியாசம். அங்கே வேலைக்கு மரியாதையான சொல் 'பிராத்சா'. 'ரொபோத்தா' என்பது பேச்சு வழக்கில், அழுக்குப் படும் வேலைக்குச் சொல்வது. ஆலையில் கையால் பாடுபடுகிறவன் 'ரொபோத்னிக்'. சம்பளத்துக்கு அமர்ந்தவர் யாராக இருந்தாலும், ஆபீசில் உட்காருகிறவர் உட்பட, 'பிராத்சோவ்னிக்'. செக் நாட்டிலோ, வேலையை 'ரொபோத்தா' என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். அங்கே வேலைக்கு 'பிராத்செ' என்று பெயர். 'ரொபோத்தா' என்றால் ஒன்றே ஒன்றுதான்: பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் கட்டாயத்தின் பேரில் செய்த வேலை.

நம் பக்கத்தில் இதற்கு 'வெட்டி' என்று பெயர். சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே இந்தச் சொல் கிடக்கிறது. இன்றைக்கு வெட்டி வேலை என்றால் பிரயோசனமில்லாத வேலை என்கிறோம். யாருக்குப் பிரயோசனமில்லை? செய்தவனுக்கு இல்லை. செய்வித்தவனுக்கு ஏகப்பட்ட பிரயோசனம்.

பொஹீமியா என்பது செக் மக்களின் நாடு. பிராக் அதன் தலைநகரம். அங்கே குடியானவனுக்கு நிலம் உண்டு, வீடு உண்டு. ஆனால் இரண்டும் பிரபுவின் தயவில். அதற்கு ஈடாக அவன் பிரபுவின் பண்ணையில் வாரத்தில் இத்தனை நாள் என்று ரொபோத்தா செய்ய வேண்டும். குதிரையோ மாடோ வைத்திருப்பவன் ஏரும் வண்டியும் பூட்டிக் கொண்டு போக வேண்டும். ஒன்றும் இல்லாத குடிசைக்காரன் வெறுங்கையோடு போய் அறுக்க வேண்டும், மண் வெட்ட வேண்டும், மரம் தறிக்க வேண்டும். பிரபுவின் ஆளிச்செடி நாரை வீட்டுக்குக் கொண்டு வந்து நூற்றுக் கொடுக்கும் கட்டாயமும் இருந்தது. மழை விட்டு வெயில் வந்த நல்ல நாள் பிரபுவின் கதிருக்கு. தன் கதிர் நனைந்து முளைவிட்டால் அது அவன் தலையெழுத்து.

1679-80ல் வியன்னாவில் கொள்ளை நோய் பரவியபோது லியோபோல்டு சக்கரவர்த்தி பிராக் நகருக்கு வந்து தங்கியிருந்தார். சக்கரவர்த்தி பக்கத்திலேயே இருக்கிறார் என்றதும் குடியானவர்கள் கிராமம் கிராமமாக மகஜர் எழுதிக் கொண்டு போனார்கள். பதிலாக ராணுவம் வந்தது. கலகம் அடக்கப்பட்ட பிறகு, 1680 ஜூன் மாதம், ரொபோத்தா பற்றி முதல் சட்டம் பிறந்தது. வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் வாங்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். ஆனால் அறுவடை போன்ற அவசர காலத்தில் விதிவிலக்கு! குடியானவனுக்குத் தன் கை தனக்கே தேவைப்படும் காலம் எதுவோ, அந்தக் காலத்துக்குத்தான் விதிவிலக்கு. சட்டம் எழுதுகிறவர்கள் எங்கே சந்து விடுவார்கள் என்பது மூன்று நூற்றாண்டாக மாறவில்லை.

அடுத்த பெரிய கலகம் 1775ல். அதற்கு முன்பு 1770 முதல் 1772 வரை பொஹீமியாவில் கொடும் பஞ்சம். பஞ்சம் தின்ற கிராமங்களில் ஒரு வதந்தி பரவியது. மரியா தெரேசா சக்கரவர்த்தினி ரொபோத்தாவை ஒழித்துத் தங்க சாசனம் எழுதிவிட்டாராம். பிரபுக்கள் அதை ஒளித்து வைத்துவிட்டார்களாம். அப்படி ஒரு சாசனமே கிடையாது. ஆனால் ஜனங்கள் நம்பினார்கள். சாசனத்தைக் கேட்டு மாளிகைகளின் கதவைத் தட்டினார்கள். பிராக் நோக்கி நடந்தார்கள். மார்ச் மாதக் குளிரில் ஹ்லூமெத்ஸ் என்ற ஊரில் ராணுவம் அவர்களை மடக்கியது. சிலர் அங்கிருந்த குளத்தில் விழுந்து மடிந்தார்கள். ஒருவன் கெட்டு நொந்து தோற்றுத் திரும்பினால், "ஹ்லூமெத்ஸ் குடியானவன் கதிதான்" என்று செக் மக்கள் இன்றும் பழமொழியாகச் சொல்கிறார்கள். தோற்றவனைக் கேலி செய்யும் பழமொழி. இதை முதலில் சொன்னவன் குடியானவனாக இருக்க மாட்டான் என்பது நம் எண்ணம்.

ஆனால் அந்தத் தோல்விக்குப் பிறகு, அதே 1775 ஆகஸ்டில், அரசு புதுச் சட்டம் போட்டது. வரி கட்டும் அளவை வைத்துக் குடியானவர்களைப் பதினோரு வகுப்பாகப் பிரித்தது. நிலமே இல்லாமல் பிறர் வீட்டில் ஒண்டியிருப்பவனுக்கு வருஷத்தில் 13 நாள். மேல் வகுப்புக்கு வாரத்தில் மூன்று நாள். அந்தச் சமயத்தில் அரசாங்கப் பண்ணைகளில் ரொபோத்தாவைப் பணமாக மாற்றிக் கொடுத்த அதிகாரி ஒருவரின் பெயர் ராப்! ருஷ்ய மொழி தெரிந்தவன் சிரிப்பான். வெறும் தற்செயல், அடிமைச் சொல்லுக்கும் அவர் குடும்பப் பெயருக்கும் சம்பந்தமில்லை.

மரியா தெரேசாவின் மகன் இரண்டாம் ஜோசப் 1781ல் இன்னொரு சட்டம் கொண்டு வந்தார். குடியானவன் இனி பிரபுவின் அனுமதியின்றிக் கல்யாணம் செய்யலாம், ஊரை விட்டுப் போகலாம், தொழில் கற்கலாம். ஆள் விடுதலையானான், நாள் விடுதலையாகவில்லை. ரொபோத்தா தொடர்ந்தது. அதையும் பணமாக மாற்ற 1789ல் முயன்றார். மறு வருஷமே அவர் இறந்தார். பின்னால் வந்த தம்பி அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்.

இப்படியே 1848 வந்தது. ஐரோப்பா முழுதும் புரட்சி. வியன்னாவில் பார்லிமெண்டு கூடியது. அதில் எல்லோரிலும் இளையவர் ஹான்ஸ் குட்லிக். வயது 24. சிலேசியாவைச் சேர்ந்த குடியானவன் மகன். தகப்பனார் ரொபோத்தா செய்தவர். ஜூலை மாதம் அவர் எழுந்து, குடியானவனைப் பிரபுவோடு கட்டிய கட்டுகள் எல்லாவற்றையும் அறுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வந்தார். ரொபோத்தா போக வேண்டும் என்பதில் அதிகச் சண்டையில்லை. பிரபுவுக்கு நஷ்டஈடு உண்டா என்பதில்தான் சண்டை. கலீசியாவிலிருந்து வந்த உக்ரேனியக் குடியானவர் இவான் கபுஷ்சாக் ஆகஸ்டில் பேசியது இன்றும் நினைவுகூரப்படுகிறது. எங்கள் தலையையும் களைத்த உடம்பையும் சுற்றிச் சுழன்ற சாட்டைகளைப் பிரபுக்கள் வைத்துக் கொள்ளட்டும், அதுவே அவர்களுக்கு நஷ்டஈடு என்ற கருத்துப்படப் பேசினார் அவர்.

செப்டம்பர் 7ந் தேதி சட்டம் நிறைவேறியது. ரொபோத்தா ஒழிந்தது. நஷ்டஈடு உண்டு என்ற கட்சி ஜெயித்தது. ரொபோத்தாவுக்கு விலை போட்டு, மூன்றில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்து, ஒரு பங்கை அரசாங்கக் கஜானா கொடுத்து, ஒரு பங்கைக் குடியானவன் தலையில் வைத்தார்கள். குட்லிக்குக்கு என்ன கிடைத்தது? புரட்சி தோற்ற பிறகு அவர் தப்பியோட நேர்ந்தது. 1854ல் அவர் இல்லாமலேயே மரண தண்டனை விதித்தார்கள். அமெரிக்காவில் டாக்டராக வாழ்ந்து 1917ல் இறந்தார்.

இப்போது சொல்லுக்குத் திரும்புவோம். ருஷ்யாவில் கட்டாய வேலை இல்லையா? இருந்தது; இதை விடக் கொடூரமாக இருந்தது. அங்கும் மூன்று நாள் கணக்கை 1797ல் ஜார் அறிவித்தார். 1861 வரை பண்ணையடிமை முறை நீடித்தது. நிலத்துக்கான மீட்புத் தொகையை 1907 வரை வசூலித்தார்கள். ஆனால் அந்தக் கட்டாய வேலைக்கு அங்கே 'பார்ஷ்சினா' என்று பெயர். 'பாரின்' என்றால் எஜமான். போலந்தில் அதற்குப் 'பான்ஷ்சிஸ்னா' என்று பெயர். 'பான்' என்றால் பிரபு. எஜமானின் பெயரையே அந்த வேலைக்கு வைத்துவிட்டதால், 'ரபோத்தா' என்ற சொல் தன் பழைய அழுக்கைக் கழுவிக் கொண்டு எல்லா வேலைக்கும் பொதுவாக நின்றது. செக் நாட்டிலோ சட்டப் புத்தகமே 'ரொபோத்தா' என்று எழுதியது. அந்தச் சொல் மீளவே இல்லை. இது நமக்குத் தோன்றும் விளக்கம். ஸ்லோவாக் மொழி இதற்கு அடங்காமல் முரண்டு பிடிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: அங்கே பிரபுவுக்குச் செய்ததும் ரொபோத்தா, இன்று சம்பளத்துக்குச் செய்வதும் ரொபோத்தா.

கவனியுங்கள் தோழர்களே, எந்த மொழியிலும் இந்தச் சொல் வேலையின் கடினத்தைக் குறித்துப் பிறக்கவில்லை. அறுவடை பிரபுவின் வயலிலும் அறுவடைதான், தன் வயலிலும் அறுவடைதான். இடுப்பு ஒரே மாதிரிதான் வலிக்கும். அந்த நாள் யாருடையது என்பதையே இந்தச் சொல் சொல்லிற்று. ருஷ்ய மொழியில் தொழிலாளிக்கு 'ரபோச்சி' என்று பெயர். அடிமை என்ற 'ராப்' அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் 1898ல் மின்ஸ்க் நகரில் கட்சி கண்டவர்கள் அந்தச் சொல்லைத்தான் கட்சியின் பெயரில் வைத்தார்கள். 1894ல் போலந்து சோஷலிஸ்டுகள் ரகசியமாக அச்சிட்ட பத்திரிகைக்கு 'ரொபோத்னிக்' என்றே பெயர். கூசவில்லை.

இனி ரோபோவுக்கு வருவோம். 1920ல் காரெல் சாபெக் என்ற செக் எழுத்தாளர் ஒரு நாடகம் எழுதினார். ஒரு தீவில் ஒரு கம்பெனி. அது செயற்கை மனிதர்களைத் தயாரித்து உலகெங்கும் விற்கிறது. இரும்பு பொம்மைகள் அல்ல. மாவு பிசைவது போலத் தொட்டிகளில் பிசைந்து செய்த சதையும் நரம்பும். சம்பளம் கேட்க மாட்டார்கள், அலுக்க மாட்டார்கள். இவர்களுக்கு என்ன பெயர் வைப்பது? லத்தீனில் உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'லபோரி' என்று வைக்க நினைத்தார். ஏட்டுச் சுரைக்காயாகப் பட்டது. அண்ணன் ஜோசப் ஓவியர். அவர் படம் தீட்டிக் கொண்டிருந்தபோது போய்க் கேட்டார். அண்ணன் தூரிகையை வாயில் கவ்வியபடியே, "ரோபோட் என்று வையேன்" என்று முணுமுணுத்தார். காரெல் தாமே 1933ல் பத்திரிகையில் எழுதிய தகவல் இது. பெருமை தமக்கல்ல, அண்ணனுக்கே என்று சொல்வதற்காக எழுதினார்.

செக் காதுக்கு அந்தப் பெயர் எப்படி விழுந்திருக்கும்? ரொபோத்தா ஒழிந்து அப்போது 72 வருஷம்தான். அந்தச் சாட்டையை நேரில் கண்ட கிழவர்கள் சிலர் உயிரோடிருந்த காலம். 'வெட்டியாள்' என்று சொன்னால் நமக்கு எப்படியோ, அப்படி.

1921 ஜனவரி 25ந் தேதி பிராக் தேசிய நாடக அரங்கில் நாடகம் ஏறியது. 1922ல் நியூயார்க், 1923ல் லண்டன். இங்கிலீஷில் பெயர்த்தவர் அந்தச் சொல்லை மட்டும் பெயர்க்காமல் விட்டுவிட்டார். அதனால்தான் வெட்டியாள் என்ற பொருள் உதிர்ந்து, வெறும் பெயராக உலகம் சுற்றியது. தமிழுக்கு வரும் வழியில் கடைசி எழுத்தும் உதிர்ந்து 'ரோபோ' ஆயிற்று.

நாடகத்தில் நடப்பதையும் கேளுங்கள். ரோபோட்டுகள் மலிவாக வந்ததும் தொழிலாளர்கள் வேலையிழக்கிறார்கள். அவர்கள் ஆத்திரத்தில் ரோபோட்டுகளை உடைக்கிறார்கள். அரசாங்கங்கள் ரோபோட்டுகளின் கையில் துப்பாக்கி கொடுத்துத் தொழிலாளர்களைச் சுட வைக்கின்றன. பிறகு யுத்தங்களுக்கும் அனுப்புகின்றன. துப்பாக்கி பழகிய ரோபோட்டுகள் கடைசியில் மனித குலத்தையே அழிக்கக் கிளம்புகின்றன. கம்பெனியின் டைரக்டர்கள் எல்லோரும் சாகிறார்கள். ஒரே ஒரு மனிதனை விட்டுவைக்கிறார்கள். அவன் அல்க்விஸ்ட், கம்பெனியின் கட்டட வேலைகளுக்குத் தலைவன். ஏன் விட்டுவைத்தார்கள்? அவனும் ரோபோட்டைப் போலவே தன் கையால் வேலை செய்கிறவன் என்பதற்காக. சாபெக் கம்யூனிஸ்ட் அல்ல. தாம் ஏன் கம்யூனிஸ்ட் அல்ல என்று 1924ல் ஒரு கட்டுரையே எழுதியவர். இருந்தும் அல்க்விஸ்டை அவர் சாகவிடவில்லை.

ஸ்பின்னிங் தோழருக்கு நம் பதில் இதுதான். உங்கள் மில்லுக்கு வரும் மெஷினுக்கு ஒரு பழைய குடியானவனின் பெயரை வைத்திருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாளைப் பிரபுவிடம் இழந்தவனின் பெயர் அது. மெஷின் வந்தால் மிச்சமாகும் நேரம் எத்தனை மணி, அந்த மணி யார் கணக்கில் சேரும் என்று நிர்வாகத்திடம் நீங்கள் கேட்க வேண்டும். பொஹீமியாவில் இருநூறு வருஷம் நடந்த தகராறும் அதே கணக்குதான்.

ஒரு விஷயம் பாக்கி. பெயர் வைத்த ஜோசப் சாபெக் ஹிட்லரைக் கேலி செய்து கார்ட்டூன் போட்டவர். தம்பி காரெல் 1938 டிசம்பரில் நோயில் இறந்துவிட்டார். மறு வருஷம் ஜெர்மன் ராணுவம் பிராக் நகருக்குள் நுழைந்தது. 1939 செப்டம்பர் முதல் தேதி ஜோசப்பைக் கைது செய்தார்கள். டாஹௌ, புகன்வால்டு, சாக்ஸன்ஹௌசன் என்று முகாம் முகாமாக அடைத்தார்கள். டாஹௌவிலும் சாக்ஸன்ஹௌசனிலும் வாசல் கதவின் இரும்புக் கம்பியிலேயே ஒரு வாசகம் செய்து வைத்திருந்தார்கள்: உழைப்பு விடுதலை தரும் என்று. அதன் முதல் சொல் 'அர்பைட்'. ரொபோத்தாவின் ஜெர்மன் உடன்பிறப்பு என்று சற்று முன்பு சொன்னோமே, அதுதான். அந்த இரண்டு வாசலுக்குள்ளும் அவர் அடைபட்டுக் கிடந்தார். 1945ல் பெர்கன்-பெல்சன் முகாமுக்கு மாற்றினார்கள். அங்கே ஏப்ரல் மாதத்தில் இறந்தார். எந்தத் தேதி என்று திட்டமாகப் பதிவாகவில்லை.